நெருப்பு மழைக்கு வராத குடைக்காரர்

“…நான் கேக்கறது ஒண்ணே ஒண்ணுதான் தம்பி. ஏழாவது இதழ், பதிமூணாம் பக்கம். நெருப்பு மழை கொட்டுது. கொட்டுதா இல்லையா? மேகமெல்லாம் பத்திக்கிட்டு எரியுது. ஜனங்க தலையில கைய வெச்சுக்கிட்டுத் தெறிச்சு ஓடுதுங்க. அந்த ஊர் முழுக்கத் தேடினாலும் குடை வெச்சிருக்கற ஆளு ஒரே ஒருத்தர்தான். சும்மா குடையா அது? வானத்துலேர்ந்து விழுந்த எரிகல்லையே விரிச்சுப் பிடிச்சு நிறுத்தின குடை! அந்த மனுஷர் எங்கய்யா போனாரு? நெருப்பு மழைக்கே வரலன்னா அப்புறம் எதுக்குத்தான் வருவாரு? கல்யாணத்துக்கு மொய் எழுதவா?”

இஸ்திரிப்பெட்டியிலிருந்து ‘புஸ்’ஸென்று ஆவி கிளம்பியது. கேள்வி கேட்டவரின் முகம் ஒரு கணம் அந்த வெண்புகையில் மறைந்து, மறுகணம் முன்னிலும் சிவந்து வெளிப்பட்டது. நாள் முழுவதும் இவ்வாறு மறைவதும் வெளிப்படுவதுமாக இருப்பதால், அந்தச் சலவைக்கடையின் வாடிக்கையாளர் அனைவருக்கும் அவர் ஆவியக்கா. எதிரே முக்காலியின் நுனியில் அமர்ந்திருந்த இளைஞர், அந்தக் காமிக்ஸ் இதழின் ஓவியர். பதில் சொல்ல அவர் ஏழெட்டு முறை வாயைத் திறந்துவிட்டார். திறந்த வாயை மூடுவதைத் தவிர அதனால் ஆன பயன் வேறொன்றுமில்லை.

நேற்று மாலை தம் கோட்டைச் சலவைக்குப் போட்டவர், அதன் உட்பையில் நான்காக மடித்த தாளொன்றை மறந்துவிட்டுப் போயிருந்தார். பன்னிரண்டாவது இதழின் கடைசிப் பக்கம் அது. நான்கு மணிக்கு அச்சகத்தில் சேர்த்தாக வேண்டும். சுவர்க்கடிகாரம் மூன்றே கால் காட்டிற்று. தாள் மேசையின் அந்தக் கோடியில் இருந்தது. கோட்டு மேசையின் நடுவில் கிடந்தது. இரண்டுக்கும் காவலாக ஆவியக்கா நின்றார்.

“உக்காருங்க தம்பி, உக்காருங்க. இன்னும் ரெண்டு கையும் காலரும் பாக்கி. ஈரத்தோட குடுத்துட்டு நாளைக்கு உங்களுக்குச் சளி பிடிச்சா பழி எனக்குத்தான். பையைத் துழாவாம நான் ஒரு துணியையும் தண்ணியில போட விடமாட்டேன். ஒருத்தர் பல்செட்டையே பைக்குள்ள விட்டுட்டுப் போயிட்டாரு… மெஷினுக்குள்ள அது சிரிச்சுக்கிட்டே சுத்துது! அன்னிலேர்ந்து துழாவுவேன். காலையில துழாவினா, இது! கசங்கிப் போயி. நாலா மடிக்கற தாளா இது? பதறாதீங்க, ஒண்ணும் ஆகல. மேலாக ஒரு அழுத்து அழுத்தினேன், புதுத்தாள் மாதிரி நிக்குது பாருங்க. உங்க மை நல்ல கெட்டி மை. என் கைக்கு எது வந்தாலும் இஸ்திரி போட்டுத்தான் கீழ வைப்பேன். காலண்டர் தாள், பேப்பர், எங்க வீட்டுக்காரரோட மருந்துச் சீட்டு… அவரையே கூட ஒருநாள் போட்டுடுவேனோன்னு பயந்துக்கிட்டுத் தள்ளியே நிப்பாரு!”

பின்கட்டில் துவைக்கும் இயந்திரம் உறுமியது. அதனருகே இருந்த வீட்டுக்காரர் இன்னும் ஓரடி தள்ளி நின்றுகொண்டார். தள்ளி நிற்பதில் அவர் தேர்ச்சி பெற்றவர்.

“பிரிச்சுப் பார்த்தேனா… எனக்கு மூச்சே நின்னு போச்சு தம்பி. இடிமுஷ்டி! இந்தப் பக்க இடிமுஷ்டியும் அந்தப் பக்க இடிமுஷ்டியும் நேருக்கு நேரா! ஊருக்கே தெரியாத முடிவு என் மேசை மேல! சத்தியமா ஒருத்தர்கிட்டயும் மூச்சு விடல. பக்கத்து மருந்துக்கடைக்காரர்கிட்ட மட்டும்… அவருகிட்ட சொல்றது சொன்ன கணக்குல வராது, அவருக்கு ஒரு காது மந்தம். அவரு ரெண்டு பேருகிட்டதான் சொன்னாராம்.

“நீங்களே வரையற கதைய உங்களுக்கே சொல்றேனேன்னு பார்க்காதீங்க. வாய்விட்டுச் சொன்னாத்தான் எந்த எடத்துல ஓட்டைன்னு தெரியும். இடிமுஷ்டி காலையில முகம் கழுவப் போறாரு. கண்ணாடியில இருக்கறவன், இவரு சிரிக்காதப்ப சிரிக்கறான். கையைப் பிடிச்சு வெடுக்குனு உள்ள இழுத்துடறான். அந்தப் பக்கம் பார்த்தா எல்லாமே தலைகீழ்! நல்லவனெல்லாம் கெட்டவன், கெட்டவனெல்லாம் நல்லவன். ஊரையே சூறையாடின நச்சுநாக்கன் அங்க சின்னப் பசங்களுக்கு வாய்ப்பாடு சொல்லிக் குடுத்துக்கிட்டு இருக்கான்! நல்லா இருந்துச்சு தம்பி. இல்லேங்கல. முதல் இதழைப் படிச்சுக்கிட்டே ரெண்டு சட்டையில பொத்தானைப் பொசுக்கிட்டேன்… அவ்வளவு நல்லா இருந்துச்சு!

“அதுக்கப்புறம் என்ன பண்ணினீங்க? மூணாவது இதழ். பதினாலு பக்கம். பதினாலு பக்கமும் இடிமுஷ்டி கண்ணாடி முன்னால நின்னு அழறாரு. ‘நான் யார்? நான் யார்?’ங்கறாரு. நீதாம்பா இடிமுஷ்டி! மார்லதான் கொட்டை எழுத்துல எழுதியிருக்கே, குனிஞ்சு பாரேன்! அவரு அழற பதினாலு பக்கத்துல பாதிய மத்தவங்களுக்குக் குடுத்திருந்தா எத்தனை பேரு பொழைச்சிருப்பாங்க? அந்தப் பொண்ணு, அரைநொடி. அரை நொடிக்கு முன்னாடியே எல்லாம் தெரிஞ்சுடும் அவளுக்கு. எப்பேர்ப்பட்ட சக்தி! அவளுக்கு என்ன வேலை குடுத்தீங்க? போன் எடுக்கற வேலை! மணி அடிக்கறதுக்கு அரை நொடி முன்னாடி ‘ஹலோ’ங்கறா. பதினோரு இதழா ‘ஹலோ’! வேற பேச்சே இல்ல பாவம். அப்புறம் அந்தப் பொறுமைசாலி. காத்திருக்கறதுதான் அவரோட சக்தின்னீங்க. ரெண்டாவது இதழ்ல ஒரு கதவுக்கு வெளிய உக்காந்தாரு. இன்னும் உக்காந்திருக்காரு! அந்தக் கதவு என்ன கதவுன்னு உங்களுக்காவது தெரியுமா? தெரியாதுல்ல? மூஞ்சியிலயே தெரியுது.”

ஓவியரின் முகத்தில் உண்மையாகவே அது தெரிந்தது. அவர் பார்வையைக் கோட்டின் வலக்கைப் பக்கம் திருப்பினார். மணிக்கட்டில் நீல நிறத்தில் பெரிய வட்டமொன்று இருந்ததைக் கண்டு, அவர் புருவம் உயர்ந்தது.

“அதுவா? பயப்படாதீங்க. உங்க மைக்கறை இருந்த எடம். எங்கெங்க கறைன்னு எங்க வீட்டுக்காரருக்குத் தெரியணும்ல? அதுக்குத்தான் இந்தப் பேனா. நூல்ல கட்டித் தொங்கவிட்டிருக்கேன் பாருங்க, இல்லேன்னா வர்றவங்க கையோட எடுத்துக்கிட்டுப் போயிடறாங்க. இது தண்ணிக்கும் போகாது, சோப்புக்கும் போகாது. சூடு பட்டுச்சுன்னா போதும்… இந்தாங்க, புஸ்! எங்க வட்டம்? காணோமா? துணிக்காரங்களுக்குன்னே விக்கறாங்க. சரி, பேச்ச மாத்தாதீங்க. குடைக்காரர்!

“முதல் இதழ்ல பஸ் ஸ்டாப்புல நிக்கறாரு. ஒரே ஒரு கட்டம். ‘மழை வரும்போல இருக்கே’ங்கறாரு. அவ்வளவுதான்! பஸ் வந்துச்சா, ஏறினாரா, உக்கார எடம் கெடைச்சுதா… ஒரு தகவலும் கெடையாது. பதினோரு மாசமா ஆளையே காணோம். நானும் ஒவ்வொரு இதழ்லயும் பஸ் வந்தா ஜன்னல் ஜன்னலாத் தேடறேன். எங்க வீட்டுக்காரர்கூட பூதக்கண்ணாடிய வெச்சுக்கிட்டுத் தேடினாரு. அஞ்சாவது இதழ்ல, தூரத்துல ஒருத்தர் கையில நீளமா என்னமோ இருந்துச்சு. கடையே ரெண்டுபட்டுச்சு! கடைசியில பார்த்தா அது தொடப்பம்!

“அந்தப் பக்கத்துக் குடைக்காரரையாவது காட்டினீங்களா? அங்கதான் எல்லாமே தலைகீழாச்சே. இங்க மழையைத் தடுக்கறவரு, அங்க மழையைக் கூப்பிடறவரா இருக்கணும்ல? குடைய விரிச்சா வெள்ளம் வரணும்ல? ரெண்டு குடைக்காரரும் ஒரே பஸ் ஸ்டாப்புல எதிரும் புதிருமா நின்னா எப்படி இருக்கும்! பாதித் தெரு ஈரம், பாதித் தெரு காஞ்சு கெடக்கு! இஸ்திரி போடற எனக்கே தோணுதே, வரையறவருக்குத் தோண வேணாமா?

“இதெல்லாம் எழுதினேன் தம்பி. எழுதாம இருப்பேனா? பதினோரு லெட்டர்! இதழ் வந்த மறுநாள் மத்தியானம், கூட்டம் கொறைஞ்சதும், இதே முக்காலியில உக்காந்து மூணு பக்கம் எழுதுவேன். அடிச்சுத் திருத்தாம, அழகா. நல்ல தாளு… மூலையில நீலக் கொடி போட்ட தாளு. அட, இப்ப உங்க தாள்லயும் நீலக் கொடிதான் இருக்கு! எந்தக் கடையில வாங்கறீங்க? நல்ல தாள்ல? மூணா மடிச்சு, உறையில வெச்சு, ஒட்டி… உங்க காமிக்ஸோட பின்னட்டையில முகவரி அச்சடிச்சிருக்கீங்கல்ல, அதையே வெட்டி மேல ஒட்டிடுவேன். தப்பே வராது பாருங்க. அப்புறம் நல்லா சூடேத்தி, முன்னால ஒரு அழுத்து, பின்னால ஒரு அழுத்து. மொடமொடன்னு நிக்கும்! தபால்காரரே அதைத் தடவிப் பார்த்துட்டுத்தான் பைக்குள்ள போடுவாரு.

“பதில்? ஒரு வரி? ‘கிடைத்தது’ன்னு ரெண்டு எழுத்து? ம்ஹூம்! வாசகர் பக்கத்துல யாரு யாரு லெட்டரெல்லாமோ வருது. ‘அட்டைப்படம் அருமை’ன்னு ஒருத்தன் மாசாமாசம் எழுதறான், அவனுக்கு மாசாமாசம் எடம்! பதினோரு அட்டையும் அருமைன்னா அவன் உள்ள பிரிச்சே பார்க்கலன்னுதானே அர்த்தம்? என்ன தம்பி, எதுக்கு அப்படிப் பார்க்கறீங்க? பையை எதுக்குத் தொறக்கறீங்க? வைங்க கீழ. நான் இன்னும் முடிக்கல.”

நீலக்கொடி என்ற சொல் விழுந்ததிலிருந்தே ஓவியர் ஒருவிதமாக விழித்துக்கொண்டிருந்தார். ஆவியக்காவையும், மேசைக் கோடியிலிருந்த தாளையும், தம் தோல்பையையும் மாறி மாறிப் பார்த்தார். “வைங்க கீழ” என்று ஆணை பிறந்ததும் பையைக் கீழே வைத்தார். கடிகாரத்தில் மூன்றரை.

ஆவியக்கா கோட்டின் இடக்கைத் தையலை நீவிவிட்டார். அடுத்துப் பேசும்போது அவர் குரல் சற்று இறங்கியிருந்தது.

“இவ்வளவு பேரு இருக்கறப்ப இவளுக்கு ஏன் அவரு மேல மட்டும் இத்தனை அக்கறைன்னு நெனைப்பீங்க. சொல்றேன். நல்லா இஸ்திரி போட்ட சட்டைய யாராவது பார்த்திருக்காங்களா? சட்டையைப் பார்ப்பாங்க, போட்டிருக்கறவரைப் பார்ப்பாங்க. இஸ்திரியைப் பார்க்கமாட்டாங்க. ஒரு சுருக்கம் இருந்துச்சுன்னா மட்டும் ‘யாரும்மா இங்க இஸ்திரி போடறது’ன்னு தேடிக்கிட்டு வருவாங்க. குடைக்காரரும் அப்படித்தான். பழைய கதையில எரிகல்லைத் தடுத்தாருல்ல, அப்ப அத்தனை பேரும் குடைக்கு அடியில நிக்கறாங்க. அவரு மட்டும் வெளிய நிக்கறாரு. இடம் பத்தல. தோள்ல பொறி விழுந்து கோட்டு பொசுங்குது. அதை நீங்க சின்னதா ஒரு ஓரத்துல வரைஞ்சிருந்தீங்க. யாரும் கவனிக்கல. நான் கவனிச்சேன். கோட்டு என் தொழில்ல தம்பி… நான் கவனிக்காம யாரு கவனிப்பா?

“அதனால கேக்கறேன். இந்தக் கடைசிப் பக்கத்துல, கடைசிக் கட்டம் காலியா இருக்கு. ‘முற்றும்’ போடவா? அந்த ஒரு வார்த்தைக்கு எதுக்குய்யா இத்தாம்பெரிய எடம்? அதுல அவரை நிறுத்துங்க. சண்டை வேணாம், வசனம் வேணாம். முதுகைக் காட்டிக்கிட்டு நின்னாக்கூடப் போதும். இந்த இதழோட கதை முடிஞ்சுடுது. இதுல வரலன்னா அந்த மனுஷர் அந்த பஸ் ஸ்டாப்புலயே நின்னு நின்னு… யாருமே திரும்பிப் பார்க்காமலே போயிடுவாரு. நீங்க மனசு வெச்சா ரெண்டு நிமிஷம். வெச்சாத்தான் கோட்டு. ஆமா! மிரட்டறேன்னே வெச்சுக்குங்க.”

ஓவியர் கடிகாரத்தைப் பார்த்தார். பின்பு ஆவியக்காவைப் பார்த்தார். இம்முறை சற்று நேரம் பார்த்தார். எழுந்து வந்து, தாளைத் தம் பக்கம் இழுத்து, கைக்கு எட்டிய பேனாவைப் பற்றி, அதைக் கட்டியிருந்த நூல் இழுபட இழுபட வரையத் தொடங்கினார்.

“அட… அடடா! தொப்பி! அந்த ஓரம் மடிஞ்ச தொப்பி… மறக்கல நீங்க! கோட்டுல பொசுங்கின ஓட்டை… அதையும் போடறீங்களா? ஐயோ தம்பி! குடை… விரியுது விரியுது… எவ்வளவு பெரிசு! கம்பியெல்லாம் எண்ணிப் போடறீங்களே! அடியில யாரு? அரைநொடியா? கையில போன் இல்ல, அப்பாடா! அட, பொறுமைசாலி! கதவை விட்டு எழுந்து வந்துட்டாரா! ரெண்டு இடிமுஷ்டியும் ஒரே குடைக்குள்ள… ஏங்க! இங்க வாங்களேன்! அவரு வந்துட்டாருங்க! குடையோட வந்துட்டாரு!”

ஆவியக்காவின் கண்கள் கலங்கின. தாளை இரு கைகளாலும் ஏந்தி வெளிச்சத்தில் பிடித்தார். கண்ணீர்த் துளியொன்று உருண்டு, படத்திற்குச் சற்றுத் தள்ளித் தாளில் விழுந்தது.

“அச்சச்சோ, ஈரம் பட்டுடுச்சே! சுருங்கிடுமே… இருங்க, இருங்க, ஒரே ஒரு அழுத்து…”

ஓவியர் கையை நீட்டினார். அவர் கை மேசையை அடைவதற்குள், இஸ்திரிப்பெட்டி தாளின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் போய்த் திரும்பியிருந்தது.

இடிமுஷ்டி நின்றார். அவருக்கெதிரே மற்றோர் இடிமுஷ்டி நின்றார். கடைசிக் கட்டம் வெள்ளைவெளேரென்று இருந்தது. தொப்பியில்லை, குடையில்லை, குடையின் கீழ் ஒருவருமில்லை.

கடையில் அமைதி நிலவியது.

அந்த அமைதி பின்கட்டு வரை பரவியதும், வீட்டுக்காரர் ஈரக்கையோடு அலறியடித்து ஓடி வந்தார். “என்னம்மா? என்ன ஆச்சு? கரண்ட் போயிடுச்சா?”

“ஏங்க…” ஆவியக்காவின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல வந்தது. “ஏங்க… நான் லெட்டரெல்லாம் எழுதினேன்ல… எந்தப் பேனாவுலங்க எழுதினேன்?”

“எந்தப் பேனாவா? நம்ம கடையில இருக்கறதே இந்த ஒரு பேனாதானேம்மா.”

தொங்கிய பேனா, நூலின் நுனியில் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. ஓவியர் பையைத் திறந்தார். இம்முறை தடை எழவில்லை. மூலையில் நீலக்கொடி போட்ட தாள்களைக் கற்றையாக எடுத்து மேசைமேல் வைத்தார். ஒவ்வொன்றிலும் கத்தி போல இரண்டு மடிப்புகள். ஒவ்வொன்றிலும் கறுப்பு மையில் அவர் வரைந்த ஏதேனும் ஒரு பக்கம்.

“என்ன… என்ன சொல்றீங்க? வெறும் தாளா வந்துச்சா? மாசாமாசம் மூணு தாளு… யாரோ நல்ல மனசுக்காரங்க, ஓவியருக்குத் தாள் கஷ்டம்னு தெரிஞ்சு, இஸ்திரி போட்டு அனுப்பறாங்கன்னு… ஆபீஸ்ல எல்லாருமா அப்படி நெனைச்சீங்க? ‘பெயர் சொல்லாத அன்பருக்கு நன்றி’ன்னு வாசகர் பக்கத்துல ஒரு மூலையில போட்டிருந்தீங்களே… நாலாவது இதழ்ல… அது நானா? யாருடா அந்த அன்பருன்னு வயிறெரிஞ்சேனே, அது நானா!

“இருங்க. இதென்ன? இது நெருப்பு மழையாச்சே! பதிமூணாம் பக்கம்! தேதிய மூலையில குறிச்சிருக்கீங்க… இது என் ஆறாவது லெட்டரு! தம்பி, இந்தத் தாள்லதான் தம்பி எழுதினேன்… ‘அடுத்த தடவை மழைன்னு ஒண்ணு வந்தா, தயவுசெஞ்சு குடைக்காரரைக் கூப்பிடுங்க’ன்னு இந்தத் தாள்லதான் எழுதினேன்! அது மேலயே நெருப்பு மழையக் கொட்டியிருக்கீங்களே!… இல்ல, இல்ல. நீங்க எங்க கொட்டினீங்க. நாந்தான். அவரு பேரைப் பதினோரு தடவை எழுதி, பதினோரு தடவையும் நானே சூடு போட்டு… ஐயோ. இப்பவும் நானே! சிரிக்காதீங்க. ஏங்க, நீங்களும் சிரிக்காதீங்க.”

இருவரும் சிரித்தார்கள். சிறிது நேரத்தில் மூவராயினர்.

நான்கு மணிக்குப் பத்து நிமிடம் இருந்தது. ஓவியர் தம் பையிலிருந்து கறுப்பு மைப்பேனாவை எடுத்தார். வீட்டுக்காரர் கேளாமலே போய் இஸ்திரிப்பெட்டியின் மின்சாரத்தை நிறுத்தினார். ஆவியக்கா இரு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு, மேசையிலிருந்து மூன்றடி தள்ளி நின்றார். காலியாக இருந்த கட்டத்தில் குடைக்காரர் அவசர அவசரமாக மீண்டும் வந்து நின்றார். மை காயும்வரை மூவரும் மாறி மாறி ஊதினார்கள். கோட்டின் இடக்கை பாதி சுருங்கியபடியே இருக்க, அதைத் தோளில் மாட்டிக்கொண்டு ஓவியர் ஓடினார். ஆவியக்கா வாசல்வரை வந்து ஏதோ சொல்ல வாயெடுத்தார்; பின்பு, வழக்கத்துக்கு மாறாக, அடக்கிக்கொண்டார்.

அடக்கியது வீணாகவில்லை. இதழ் வெளிவந்த மூன்றாம் நாள், ஆசிரியர் அலுவலகத்துக்கு ஓர் உறை வந்தது. முகவரி, பின்னட்டையிலிருந்து வெட்டி ஒட்டப்பட்டிருந்தது. உள்ளே நீலக்கொடித் தாள் மூன்று. மொத்தமும் மருந்துக்கடைக்காரரிடம் இரவல் வாங்கிய கறுப்புப் பேனாவால் எழுதப்பட்டிருந்தது. ஓவியர் சன்னலருகே நின்று படித்தார்.

“தம்பி, குடைக்காரர் வந்தாரு. ரொம்ப சந்தோஷம். எங்க வீட்டுக்காரரு அந்தப் பக்கத்தைச் சட்டம் போட்டு மாட்டியிருக்காரு, என் கைக்கு எட்டாத உசரத்துல. ஆனா ஒண்ணு கேக்கணும். அன்னிக்கு உங்க அவசரத்தப் பார்த்துட்டுக் கேக்காம விட்டுட்டேன். முதல்ல வரைஞ்சப்ப குடைய விரிச்சு வெச்சிருந்தாரு, அடியில அத்தனை பேரும் நின்னாங்க. ரெண்டாவது தடவை மடக்கிக் கையில வெச்சிருக்காரு, தனியா நிக்கறாரு. ஏன் மடக்கினாரு? மழை விட்டுடுச்சா? அரைநொடி எங்க? பொறுமைசாலி திரும்பக் கதவுக்கே போயிட்டாரா? அடுத்து ஒரு கதை வரும்ல, அதுல இதுக்கெல்லாம்…”

இன்னும் இரண்டே முக்கால் பக்கம் இருந்தது. தாள் நான்கைந்து இடங்களில் கசங்கியிருந்தது. ஓர் எழுத்தும் குறையவில்லை.